மாதிரியுருவின் சாட்சியம்

அணுவுலையொன்றின் பிரதான குளிர்நீர்க் குழாய் உடைந்தால் என்ன நிகழும்? மெய்யான பேருலையை உடைத்துப் பார்க்க எவரும் துணியார். ஆதலாற் சிறிய மாதிரியுருக்களிற் சோதிக்கின்றனர். இம்முறையிற் குற்றமில்லை, அதன் முடிவுகளை அதிகாரபீடங்கள் தமக்கேற்ப ஏற்பதும் தள்ளுவதுமே குற்றம்.

1970-71ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் ‘செமிஸ்கேல்’ என்னும் சிறு மாதிரியுருவிற் சோதனைகள் நடைபெற்றன. எரிபொருளுக்குப் பதிலாக மின்வெப்பமூட்டிகளே அதில் இருந்தன. உட்செலுத்தப்பட்ட அவசரக் குளிர்நீர், உலையின் உள்ளகத்தை அடையாது உடைப்பின் வழியே வெளியேறிற்று. அணுசக்தி ஆணைக்குழுவின் மறுமொழி யாது? மாதிரியுரு மிகச் சிறியது. பேருலைக்கு அம்முடிவு பொருந்தாது என்பதே.

அவ்வாதம் பௌதிகத்துக்கு முரணானதன்று. நீளம் பாதியானாற் பரப்பு நாலிலொன்றாகும், கனவளவோ எட்டிலொன்றாகும். எனவே, கனவளவோடு ஒப்பிடுகையிற் சூடான சுவரின் பரப்பு இருமடங்காகி, நீரைக் கூடுதலாக ஆவியாக்கும். பின்னாளில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் முழு அளவில் அமைக்கப்பட்ட சோதனைக்கூடமும், பேருலையில் நீர் கீழிறங்குதல் இலகுவென்றே காட்டிற்று.

ஆயினும், பின்னர் கிடைத்த சான்று முன்னர் எடுத்த முடிவை நியாயப்படுத்தாது. 1971 யூனில் இடைக்கால விதிகளை ஆணைக்குழு வெளியிட்டபோது அச்சான்று எவர் கையிலும் இருக்கவில்லை. 1972இல் தொடங்கிய பகிரங்க விசாரணையில் விஞ்ஞானிகள் பலர் ஐயம் எழுப்பியதும் இதனாலேயே.

1978 டிசெம்பரில், 50 மெகாவாற்று வெப்பவலுக் கொண்ட ‘லொவ்ற்’ என்னும் சிற்றுலையிற் பெருங்குழாய் உடைப்புச் சோதிக்கப்பட்டது. வெப்பநிலை எதிர்வுகூறியதிலும் குறைவாகவே இருந்தது. செமிஸ்கேல் சிறியதென்று தள்ளப்பட்டதாயின், சிற்றுலையான லொவ்ற்றை மட்டும் ஐயமின்றி ஏற்பது எங்ஙனம்? தீய முடிவுக்கு ஓர் அளவுகோலும் நல்ல முடிவுக்கு வேறோர் அளவுகோலும் விஞ்ஞானத்தில் இல்லை.

மூன்று மாதங்கள் கழிந்து, 1979 மார்ச் 28இல், மூன்று மைல் தீவில் விபத்து நேர்ந்தது. அங்கு உடைந்தது பெருங்குழாயன்று. திறந்த வால்வொன்று மூடாது நின்றது. அதனை அறியாத இயக்குநர் அவசர நீரைக் குறைத்தனர். உள்ளகத்தின் ஒரு பகுதி உருகிற்று. மாதிரியுரு கேட்ட வினாவுக்கே விடையளிக்கும். கேளாத வினாவுக்கு வாய்திறவாது.

ஆதலின், எம்முடிவு வந்தால் எதனை ஏற்பது, எதனைக் கைவிடுவது என்பதைச் சோதனைக்கு முன்னரே பகிரங்கமாக அறிவித்தல் வேண்டும். அங்ஙனம் அறிவியாதார் நடத்துவது சோதனையன்று, சடங்கே.