புது ஊரும் புது ஆறும்

ரிஷிகேசத்தில் பணியாற்றிக் கோழிக்கோட்டுக்கு மாற்றலாகி வந்துள்ள என் பழைய மாணவர் ஒருவர் மடல் எழுதியுள்ளார். கங்கையின் நுரைபொங்கும் ஓட்டத்தில் கயாக் செலுத்திப் பழகியவர். “இங்கு அதற்கு வழியுண்டா ஹஜ்ரத்?” என்று வினவுகிறார்.

உண்டு. கோடஞ்சேரிப் பகுதியில் பாயும் சாலிப்புழையும் இருவஞ்ஞிப்புழையும் அதற்குப் பெயர் பெற்றவை. 2013-இல் தொடங்கிய மலபார் நதி விழாவில் வெளிநாட்டவரும் வந்து போட்டியிடுகின்றனர்.

ஆனால் தம்பி, கங்கையின் கணக்கு இங்குச் செல்லாது. அது பனியுருகும் நீரும் சேர்ந்த பேராறு. ஜூலை, ஆகஸ்டு மழைவெள்ளத்தில் ரிஷிகேசத்தில் படகோட்டத்தையே நிறுத்திவிடுவர். மலபாரிலோ அந்த மாதங்களே பருவம்! கோடையில் பாறைதான் மிஞ்சும். மலைமேல் பெய்த மழை, கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக இறங்கிவிடும். இருவஞ்ஞிப்புழையின் பதங்கயத்தில் நீரில் மூழ்கி மாண்ட இளைஞர் பலர்.

எனவே, முதல் வாரம் படகை இறக்க வேண்டாம். உள்ளூர்க் கயாக் பயிற்சியாளரைத் தேடிக் கண்டு, அவருடன் கரையோரம் நடந்து பாறைகளைப் பாருங்கள். ஆற்றங்கரைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். நீர் எந்தப் பாறையைத் தொட்டால் ஆபத்தென்பதை அவர் அறிவார். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் இருக்கின்றனவா என்பதை மறுமடலில் எழுதுங்கள்.