அம்மா ஏன் நீலமாக இருக்கிறாள்?

புடவைக் கடைக்குள் எரிகிற ட்யூப் லைட்டை நம்பிப் புடவை எடுக்கிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. மடி நிறையப் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அதில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, "இதோ வந்துவிட்டேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் வெயில் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தால்தான் நமக்கு மனசு ஆறும். உள்ளே கறுப்பாகத் தெரிந்தது வாசலில் கத்தரிப்பூவாக இருக்கும். ரவிக்கைத் துண்டு விஷயம் கேட்கவே வேண்டாம்!

இவ்வளவு விவரம் தெரிந்த நான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் வாசலுக்குப் போக மறந்துவிட்டேன். அதனால் என் தங்கையோடு சண்டை, போட்டோக் கடைக்காரரோடு சண்டை, ஏறக்குறைய அம்மாவின் ஒரே நல்ல படத்தையும் தொலைத்துவிடப் பார்த்தேன். உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாதே என்றுதான் இந்த வாரம் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது. திதிக்கு முன்பாக ஒரு நல்ல படமாகப் பெரிது பண்ணி மாட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் அம்மா எந்தப் போட்டோவிலும் முன்வரிசையில் நின்றவள் அல்லள். ஒன்றில் தூணுக்குப் பின்னால் இருப்பாள்; இன்னொன்றில் பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டிருப்பாள். கடைசியில் சித்தப்பா வீட்டு ஆல்பத்தில் அகப்பட்டது, 1984-ல் ஒரு கல்யாணத்தில் எடுத்த கலர் படம். அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்! ஆல்பத்திலிருந்து உரிக்கப் போனதில் காகிதம் ஓரத்தில் கிழிந்துவிட்டது. அதற்கு முன்பே சித்தப்பாவின் பேரன் அதை ஸ்கான் செய்து எனக்கு அனுப்பியிருந்தான். வந்த கையோடு திருச்சியில் இருக்கும் தங்கைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். கல்லூரியில் படிக்கும் என் பையன் போட்டுக் கொடுத்தது. 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் ஒருவர் ஆரம்பித்து வைத்ததாம், காசு கிடையாது. படங்களைத் திருத்த அதில் 'ஜிம்ப்' என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அதுவும் இலவசம்தான். அமெரிக்காவில் பெர்க்கிலி சர்வகலாசாலையில் படித்த இரண்டு மாணவர்கள் 1995-ல் தொடங்கியது.

அந்த ஜிம்பில் படத்தைத் திறந்தேன். திக்கென்றது. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை கண்ட மாதிரி முகம்! பழைய படம், மஞ்சளடித்துப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, 'கலர் பாலன்ஸ்' என்ற இடத்தில் மஞ்சளைக் குறைத்து நீலத்தைக் கூட்டினேன். மூன்று இரவுகள், சமையலறையைக் கழுவிவிட்டுப் படுக்கப் போகுமுன், கொஞ்சம் கொஞ்சமாக. மூன்றாம் நாள் அம்மா முகத்தில் பழைய களை வந்துவிட்டது. சந்தோஷத்தில் பழைய படத்தின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டுத் தங்கைக்கும் அனுப்பினேன்.

மறுநிமிஷம் டெலிபோன்.

"அக்கா, அம்மா ஏன் நீலமாக இருக்கிறாள்?"

"நீலமாவது! உன் போனைத் துடைத்துவிட்டுப் பார்."

"துடைத்தாயிற்று. அம்மா அன்றைக்குக் கட்டியிருந்தது அரக்குப் புடவை. நீ அதைக் கத்தரிப்பூ ஆக்கி வைத்திருக்கிறாய்."

"இங்கே அரக்காகத்தானே இருக்கிறது! கண் டாக்டரிடம் போ" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் பேசவில்லை.

போட்டோக் கடையில் பெரிய அளவில் பிரிண்டு போடச் சொல்லி வாங்கி வந்து, உறையைப் பிரித்தால்... நீலம்! இவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "உன் அம்மா கிருஷ்ண பரமாத்மாவுக்கு உடன்பிறந்தவள் மாதிரி இருக்கிறாள்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல், அதே மிஷினில் அன்று காலையில் போட்ட வேறு யாருடைய கல்யாணப் படத்தையோ எடுத்துக் காட்டினார். மணப்பெண் மணப்பெண்ணாக, மஞ்சள் மஞ்சளாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

விடுமுறைக்குப் பையன் வந்தான். அவன் அம்மாவின் படத்தைத் தொடவே இல்லை. ஜிம்பில் வெறும் வெள்ளையாக ஒரு புதுப் படம் உண்டாக்கினான். பக்கத்தில் கடிதம் எழுதுகிற சாதாரண ஜன்னலைத் திறந்து வைத்தான். "இரண்டும் ஒரே வெள்ளையா, சொல்லம்மா" என்றான்.

ஒன்று சலவைக்குப் போய் வந்த வேட்டி. ஜிம்பில் இருந்தது காவிரிப் புது வெள்ளத்தில் நனைத்த வேட்டி!

பிறகு, படத்தின் நிறத்தைத் தொட்டு எண்ணாகக் காட்டும் ஒரு கருவியை வெள்ளையின் மேல் வைத்தான். 255, 255, 255 என்று காட்டியது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. பூஜ்யம் என்றால் இருட்டு. 255 என்றால் முழு வெளிச்சம். மூன்றும் 255 என்றால் சுத்த வெள்ளை.

"எண் வெள்ளை என்கிறது, உன் கண் மஞ்சள் என்கிறது. நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள்" என்றான்.

அந்தப் பொய்யர் யார் என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். பாட்டி காலத்தில் அரிசியைப் படியால் அளந்தார்கள். ஆனால் ஊருக்கு ஊர் படி வேறு. "இரண்டு படி அரிசி போடு" என்று கடிதத்தில் எழுதினால், எந்த ஊர்ப் படி என்று சொல்லாவிட்டால் பந்தியில் சாதம் மிஞ்சும், அல்லது பற்றாது. கலர் எண்களும் அப்படித்தான். 200 அளவு சிவப்பு என்றால், யாருடைய படியில் 200? அதைச் சொல்லும் சீட்டுக்குத்தான் 'புரொஃபைல்' என்று பெயர். இந்தச் சீட்டுகளை எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று 1993-ல் சில கம்பெனிகள் சேர்ந்து ஒரு சங்கமே வைத்தன. 1996-ல் 'எஸ்ஆர்ஜிபி' என்று ஒரு பொதுப்படி வந்தது. படத்தோடு சீட்டு எதுவும் வராவிட்டால், அது எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்வதே வழக்கம்.

படத்துக்கு ஒரு படி. மானிட்டருக்கு ஒரு படி. ஜிம்ப் மாதிரி ஒழுங்கான புரோகிராம், படத்தின் படியிலிருந்து மானிட்டரின் படிக்கு மாற்றி அளந்து காட்டுகிறது. மானிட்டரின் படி அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் தொழிற்சாலையிலேயே தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் 'கலர்டி' என்ற வேலையாள் ஒருவர் அந்தக் குறிப்பைப் படித்து, தானாகவே ஒரு புரொஃபைல் தயார் செய்து வைத்துவிடுகிறார். குறிப்பு சரியாக இருந்தால் எல்லாம் க்ஷேமம். எங்கள் மானிட்டரில் இருந்த குறிப்பு தப்பு! அதை அப்படியே நம்பிய ஜிம்ப், வெள்ளையையும் மஞ்சளாக்கிக் காட்டியது. புரொஃபைலையே சட்டை செய்யாத சாதாரண ஜன்னல்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனுக்குத்தான் எங்கேயும் சங்கடம், பார்த்தீர்களா?

ஆக, அம்மாவின் படத்தில் இல்லாத மஞ்சளை நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து துடைத்திருக்கிறேன். பொய்யான மஞ்சளுக்காக நான் கூட்டிய நீலமோ நிஜமான நீலம். தங்கையின் போனிலும் கடைக்காரரின் பிரிண்டிலும் அதுதான் தெரிந்தது.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில், ஸ்கிரீன் முழுவதும் மஞ்சளாக இருக்கிறதா, அந்தப் புரோகிராமில் மட்டுமா என்று பாருங்கள். முழுவதும் என்றால் 'நைட் லைட்' வேலை செய்துகொண்டிருக்கலாம். சாயங்காலம் ஆனதும் கண்ணுக்கு இதமாக ஸ்கிரீனை மஞ்சளாக்கும் ஏற்பாடு அது. கலர் திருத்துகிற நேரத்தில் அதை அணைத்துவிட வேண்டும்.

அந்தப் புரோகிராமில் மட்டும் என்றால், ஜிம்பில் 'வியூ' என்ற தலைப்பின் கீழ் 'கலர் மேனேஜ்மெண்ட்' இருக்கும். அதில் 'கலர்-மேனேஜ் திஸ் வியூ' என்பதன் அடையாளத்தை எடுத்துப் பாருங்கள். உடனே மஞ்சள் மறைந்தால் குற்றவாளி மானிட்டர் புரொஃபைல்தான். பிறகு 'எடிட்' தலைப்பில் 'பிரிஃபரன்ஸஸ்', அதற்குள் 'கலர் மேனேஜ்மெண்ட்' போனால், கம்ப்யூட்டர் கொடுக்கும் மானிட்டர் புரொஃபைலை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அது ஜிம்புக்கு மட்டும் செய்த வைத்தியம். படம் பார்க்கிற மற்றப் புரோகிராம்களுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டுமானால், 'ஸெட்டிங்ஸ்' உள்ளே கலர் என்ற பகுதிக்குப் போய், மானிட்டரின் பெயருக்கு எதிரே தானாக வந்து உட்கார்ந்திருக்கும் புரொஃபைலை அணைத்துவிட்டு, எஸ்ஆர்ஜிபியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். ஜிம்பை மூடித் திறந்ததும் வேட்டி வெளுத்துவிட்டது!

கலர் விஷயமாகவே தொழில் செய்கிற சகோதரிகள், வீட்டிலிருந்து புடவை விற்பவர்கள், 'கலரிமீட்டர்' என்ற சின்னக் கருவியை வாங்கலாம், அல்லது யாரிடமாவது இரவல் பெறலாம். ஸ்கிரீனின் மேல் அதை வைத்தால், மானிட்டரின் நிஜமான நிறத்தை அளந்து சரியான சீட்டு எழுத உதவும். லினக்ஸில் இதற்கு 'ஆர்கில்' என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. 'இமேஜ்' என்ற தலைப்பில் புரொஃபைலை மாற்ற இரண்டு வழிகள் காட்டும். 'அஸைன்' என்பது டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் மாற்றுவது. உள்ளே இருக்கும் பருப்பு அப்படியே இருக்கும். பெயர் மாறினதால் நிறம் மாறித் தெரியும். 'கன்வர்ட்' என்பது பருப்பையே வேறு படியால் அளந்து போடுவது. எண் மாறும், பார்வைக்கு நிறம் மாறாது. சாதாரணப் போட்டோக் கடைக்குக் கொடுக்கும்போது எஸ்ஆர்ஜிபிக்குக் 'கன்வர்ட்' செய்து கொடுப்பதே பத்திரம்.

எல்லாம் சரி, நான் மூலப் படத்தின் மேலேயே பதிந்து தொலைத்துவிட்டேனே! பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அசலை எப்போதும் தனியாக வைத்துக்கொண்டு, நகலைத்தான் திருத்த வேண்டும், அம்மா" என்றான். சொந்தப் பிள்ளையிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, தங்கைக்குப் போன் செய்தேன். நாலு நாள் கோபத்துக்குப் பிறகு முதலில் பேசியவள் நான்தான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

"நீ முதல் நாள் அனுப்பினாயே, அதை அப்படியே வைத்திருக்கிறேன்" என்றாள். அதோடு நிற்காமல் அடுத்த ரயிலில் புறப்பட்டு வந்துவிட்டாள். பையில் அம்மாவின் அரக்குப் புடவை! அம்மா போனபிறகு பீரோவிலிருந்து அவள் எடுத்துக்கொண்ட ஒரே புடவை அதுதானாம். எனக்கு அது தெரியாது.

காலை வெளிச்சத்தில் ஜன்னலோரமாகப் புடவையை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் படத்தைப் பார்த்தோம். இப்போது படம் கொஞ்சம் சிவப்படித்தது. இது நிஜமான குறை. அந்தக் காலத்துக் கலர்ப் பிரிண்டுகளில் உள்ள சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் பல சமயம் முந்திக்கொண்டு மங்கிவிடும்; மிஞ்சுவது சிவப்பு. அதைத் திருத்த ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. புடவைக் கரையைப் பார்ப்பதும், படத்தைப் பார்ப்பதுமாக, "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" என்று தங்கை சொல்லச் சொல்ல நான் நகர்த்தினேன்.

போட்டோக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதுப் பிரிண்டு வாங்கி வந்தோம். வழியில் தங்கைக்குப் பொறுக்கவில்லை. நடுத் தெருவில் நின்று, உறையைப் பிரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மாதான், அக்கா" என்றாள்.