தே ஓ நிறத்தில் ஓர் ஏரி

திரிங்காப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு நீச்சல் தெரியாது. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு ஆறு என்றாலே அச்சம். மகளை ஆற்றோரம் விட்டதே இல்லை.

இந்தப் பள்ளி விடுமுறையில் அவள் பிடிவாதம் வென்றது. பகாங்கின் தெற்கிலுள்ள தாசேக் பெராவுக்குப் போனோம். 1994-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற, மலேசியாவின் முதல் ஈரநிலம் அது. செமெலாய் பூர்வக்குடிப் படகோட்டி, எங்கள் பாதுகாப்பு அங்கியின் வார்களை இழுத்துப் பார்த்த பிறகே சிறு படகை எடுத்தார்.

ரசாவ் தாழைகளுக்கு நடுவே கரும்பழுப்புத் தண்ணீர். "அப்பா, தே ஓ மாதிரியே இருக்கு!" என்றாள். உதிர்ந்த இலைதழை ஊறி வந்த நிறம் என்றார் படகோட்டி. அவள் கையை நனைத்து விளையாடினாள். நான் படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன்.

இரவு, கரையில் போட்ட கூடாரத்துக்குள் மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்குப் பயமாப்பா?"

"ஆமாம்மா."

"அப்போ ரெண்டு பேரும் நீச்சல் கத்துக்குவோம்."

அடுத்த மாதம் இருவரும் வகுப்பில் சேர்கிறோம். பிள்ளையைக் காப்பதாக நினைத்து, இத்தனை நாளும் என் பயத்தைத்தான் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் எப்படி?