உப்பு எங்கே போகும்?
எம். புதுப்பட்டியில் அக்கா வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நான்கு சில்வர் மூனி மீன்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிய அதே கழிமுக மீன். "நம்ம போர் தண்ணியே உப்புத்தானே, மாமா" என்றான் அக்கா மகன். நிலத்தடி நீரின் உப்பு வேறு, கழிமுகத்தின் உப்பு வேறு. சமையல் உப்பும் ஈடாகாது, கடல் உப்புக் கலவைதான் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். கழிமுகத்தில் அதைவிடக் குறைவு. இந்தக் கந்தக பூமி வெயிலில் தொட்டித் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கி, கண்ணாடியில் வெள்ளைக் கோடு படிந்திருந்தது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வற்றியதை ஈடுகட்ட, குளோரின் நீங்கிய நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மீனைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், அதன் தண்ணீரையும் கொண்டுவரக் கடமைப்பட்டவர்கள்.