அசல், படி, போலி: பழைய மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்களும் விற்பனை நேர்மையும்



மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்களைப் பற்றி எழுதத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காலை ஏழு மணிக்கு நம் பள்ளி வாயிலில் சற்று நேரம் நின்று பாருங்கள். தந்தையின் இடுப்பைப் பற்றிக்கொண்டு பின்னிருக்கையில் வந்து இறங்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த வண்டிகளுள் சில, அப்பிள்ளைகளைவிட மும்மடங்கு வயதானவை. வண்டி பழையதாக இருக்கலாம். ஆனால், அதன் பிரேக்கும் செயினும் சக்கரக் கம்பிகளும் அண்மையில் எங்கோ செய்யப்பட்டு, யாரோ ஒருவரால் விற்கப்பட்டவை. அவற்றின் தரத்தை நம்பித்தான் நம் மாணவர்கள் சாலையில் வருகிறார்கள். ஆகவே, இது பழைய வண்டிகளைச் சேகரிப்போருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று.

உதிரிப்பாகங்களின் தேவை

ஹோண்டா நிறுவனம் தன் 'சூப்பர் கப்' வண்டியை 1958-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. 2017-இல் அவ்வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கப்படும் வண்டிகளுக்கு அதுவே முன்னோடி. அவற்றுள் சி70 வகை, தோட்டப்புறங்களில் நம்மவர் பலருக்கு முதல் சொந்த வாகனமாக இருந்தது. பால்மரம் வெட்டப் போனவரையும் பள்ளிக்கூடம் போன பிள்ளையையும் அது ஒருசேரச் சுமந்தது. ஆங்கிலேயர் காலத்தில் வந்த பிஎஸ்ஏ, நோர்ட்டன், டிரையம்ப் போன்ற வண்டிகளைப் போற்றிக் காப்போரும் இங்கு உளர்.

எந்த நிறுவனமும் தான் செய்த வண்டிக்கு என்றென்றும் உதிரிப்பாகம் செய்துகொண்டிருப்பதில்லை. பிரிட்டனின் பழைய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் பலவும் 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் மூடப்பட்டுவிட்டன. எனவே, பழைய வண்டி ஓட வேண்டுமானால், மூலத்தைப் பார்த்து மற்றொருவர் புதிதாகச் செய்யும் பாகங்கள் தேவை. இதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஏடுகளைப் படியெடுத்தவர்கள் இல்லாவிட்டால் நம் இலக்கியங்களே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கமாட்டா.

மூன்று சொற்களைப் பிரித்தறிவோம்

மொழியாசிரியர் என்ற முறையில் எனக்கு முதலில் உறுத்துவது சொற்குழப்பமே. சந்தையில் 'ஓரி' என்கிறார்கள். 'கோப்பி ஓரி' என்கிறார்கள். 'ஏ கிரேடு' என்கிறார்கள். இவற்றுக்கு வரையறுத்த பொருள் ஏதும் இல்லை. நாம் மூன்று சொற்களைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அசல்: வண்டியைச் செய்த நிறுவனமோ, அந்நிறுவனத்துக்காக அதன் ஒப்புதலுடன் வேறொருவரோ செய்தது.

படி: மூலத்தைப் பார்த்தோ, மூல வரைபடத்தைக் கொண்டோ மற்றொருவர் தம் பெயரில் செய்தது.

போலி: மற்றொருவர் செய்துவிட்டு, மூல நிறுவனத்தின் பெயரையும் பெட்டியையும் பொறித்து விற்பது.

படி வேறு, போலி வேறு. மாணவன் ஒரு கட்டுரையைப் பார்த்தெழுதிப் பழகுவதை நாம் ஊக்குவிக்கிறோம். அதையே தன் கட்டுரை என்று போட்டிக்கு அனுப்பினால் கண்டிக்கிறோம். குற்றம் படியெடுத்ததில் இல்லை. யார் செய்தது என்பதை மறைத்ததில் இருக்கிறது.

நல்ல படி, மூலத்தையே விஞ்சுவதும் உண்டு. பழைய பிரிட்டன் வண்டிகளில் பரவலாகப் பயன்பட்ட அமால் கார்புரேட்டரை எடுத்துக்கொள்வோம். 1967-இல் வந்த அதன் 'கான்சென்ட்ரிக்' வகையில், மேலும் கீழும் நகரும் தடுப்பும் அது நகரும் உடற்பகுதியும் மென்மையான துத்தநாகக் கலவையால் ஆனவை. நாளடைவில் அவை தேய்ந்து, காற்றுக் கசிந்து, எஞ்சின் சீராக ஓடாமல் போகும். இன்று அதே பெயரில் முறையான உரிமையுடன் செய்யப்படும் கார்புரேட்டர்களில், மேற்பரப்புக் கடினமாக்கப்பட்ட அலுமினியத் தடுப்பு கிடைக்கிறது. பழைய குறையை அறிந்து திருத்திய உற்பத்தி இது.

அதேபோல், 'பழைய கையிருப்பு, அசல், பெட்டி பிரிக்காதது' என்பதும் எப்போதும் உயர்ந்தது அன்று. நாற்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த ரப்பர் வளையம் இறுகி வெடித்திருக்கும். அக்காலத்துப் பிரேக் ஷூக்களின் உராய்வுப் பட்டைகளில் கல்நார் சேர்க்கப்பட்டது; அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பட்டையை ஒட்டிய பசையும் மூப்படைந்திருக்கலாம். ஆக, 'அசலா?' என்ற கேள்வி மட்டும் போதாது. 'எதனால் ஆனது? எப்போது செய்தது? யார் பொறுப்பு?' என்றும் கேட்க வேண்டும்.

தரம் கண்ணுக்குத் தெரிவதில்லை

இத்தொழிலில் ஏமாற்று எளிதாவதற்குக் காரணம், தரத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாததுதான். குரோமிய முலாம் பூசிய இரண்டு புகைபோக்கிகள் கடையில் ஒரே மாதிரி பளபளக்கும். அடியில் நிக்கல் முலாம் போதிய கனத்தில் இருக்கிறதா என்பது நம் நாட்டு மழையில் சில மாதங்கள் நனைந்த பிறகே தெரியும்.

திருகாணியின் கதை இன்னும் நுட்பமானது. பழைய பிரிட்டன் வண்டிகளில் 'சைக்கிள் மரை' எனப்படும் ஒருவகை மரை மிகுதி. கால் அங்குலத் திருகாணியில் ஓர் அங்குலத்துக்கு 26 மரைகள். அவற்றின் கோணம் 60 பாகை. அதே கால் அங்குலத்தில் 'பிஎஸ்எஃப்' என்னும் மற்றொரு மரைக்கும் அங்குலத்துக்கு 26 மரைகளே. ஆனால், கோணம் 55 பாகை. இரண்டையும் மாற்றிப் பூட்டினாலும் பூட்டிக்கொள்ளும். ஆயினும், மரைகள் ஒன்றன்மேல் ஒன்று முழுமையாகப் படிவதில்லை. அளவு தெரியாத விற்பனையாளர் இதையும் 'சரியாகப் பொருந்தும்' என்றே சொல்வார்.

எல்லாவற்றினும் கவலை தருவது பிரேக். ஷூவில் ஒட்டப்பட்ட உராய்வுப் பட்டை, சூட்டில் பசை விட்டுக் கழன்றால், பிரேக் பிடிக்காமல் போகலாம். அல்லது டிரம்முக்குள் சிக்கிச் சக்கரம் திடீரென்று நின்றுவிடலாம். புகைபோக்கி துருப்பிடித்தால் பணம் போகும். பிரேக் கழன்றால் என்ன போகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

விற்ற பிறகே தெரியும் வாடிக்கையாளர் சேவை

என் தந்தையார் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிய சி70 இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்கு இணையத்தின் வழி ஒரு விற்பனையாளரிடம் பின்பிரேக் ஷூ வாங்கினேன். விளம்பரத்தில் 'அசல்' என்றிருந்தது. வந்த பெட்டியில் எழுத்துகள் மங்கியிருந்தன. ஒரு ஷூவில் பட்டையின் ஒருமுனை நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. படமெடுத்து அனுப்பினேன். 'எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை' என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். பதிலே இல்லை.

வேறொரு விற்பனையாளரிடம் பிஸ்டன் வாங்கினேன். சி70-இன் மூல அளவு 47 மில்லிமீட்டர். சிலிண்டரைக் கடைந்த பிறகு, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் தேவைப்பட்டது. வந்ததோ மூல அளவு. அளவியால் பிடித்துப் படத்துடன் தெரிவித்தேன். அன்றே பதில் வந்தது. 'பெட்டியில் எண் மாறியிருக்கிறது. எங்களிடம் உள்ள மற்றவற்றையும் அளந்து பார்த்தோம். இன்னும் இரண்டு அப்படியே இருந்தன. சரியானதை அனுப்புகிறோம்' என்று எழுதியிருந்தார். அதே வாரத்தில் சரியான பிஸ்டன் வந்து சேர்ந்தது. அவர் விற்றதும் படிதான். தாய்லாந்தில் செய்தது என்று முதலிலேயே சொல்லித்தான் விற்றார்.

இருவரிடமும் குறையுள்ள பொருள் வந்தது. குறையே இல்லாத உற்பத்தி உலகில் இல்லை. ஒருவர் குறையைக் கேட்டுத் தம் கையிருப்பையே சோதித்தார். மற்றொருவர் வாயை மூடிக்கொண்டார். முன்னவரிடமே நான் மீண்டும் வாங்குகிறேன்.

'மலிவு விலைக்கு வாங்கிவிட்டு இவ்வளவு எதிர்பார்க்கலாமா?' என்று விற்பனையாளர் தரப்பில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. சிறு வணிகர், பெட்டி பெட்டியாக வருவதை ஒவ்வொன்றாக அளந்து பார்க்க முடியாது. விலையை மட்டுமே கேட்டு, ஐந்து ரிங்கிட் குறைவாகக் கிடைக்கும் இடத்துக்கு ஓடும் நாமும் அவரை அந்நிலைக்குத் தள்ளுகிறோம். ஆயினும், மலிவான பொருள் என்றால் மலிவானது என்று சொல்லி விற்கட்டும். விலை குறைந்தால் பளபளப்புக் குறையலாம், ஆயுள் குறையலாம். பிரேக்கின் பாதுகாப்பும், 'இது அசல்' என்ற சொல்லின் உண்மையும் குறையக் கூடாது.

அரத்தால் தேய்த்து மறைக்கும் குறைகள்

நம் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. பாகம் பொருந்தாவிட்டால் அரத்தை எடுத்துத் தேய்த்து, துளையைப் பெரிதாக்கி, எப்படியாவது பூட்டிவிடுவார்கள். அதைக் கைத்திறன் என்று நாமும் பாராட்டுகிறோம். கைத்திறன்தான், மறுக்கவில்லை. ஆனால், அப்படித் தேய்த்துப் பூட்டிய ஒவ்வொரு பாகமும் எழுதப்படாமற் போன ஒரு புகார். குறை விற்பனையாளருக்குப் போவதில்லை. அவர் வழியாக உற்பத்தியாளருக்கும் போவதில்லை. அடுத்த ஆயிரம் பாகங்களும் அதே தவறான அளவில் வருகின்றன. மேலும், தேய்த்துவிட்ட பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் வலுவிழக்கிறது.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். விவரித்தபடியே இருக்க வேண்டும். தரத்தை எடைபோடும்போது விலையும் கருத்தில் கொள்ளப்படும். ஆனால், பாதுகாப்பும் நீடித்துழைக்கும் தன்மையும் அந்த அளவுகோலிலேயே அடங்கியுள்ளன. 'அசல்' என்று விவரித்துப் படியை விற்றால், அந்த விவரிப்பை மீறியதாகும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் கோரிக்கை பதிவு செய்யலாம். வழக்கறிஞர் இன்றி நாமே பேசலாம். அங்குக் கோரக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2019-இல் 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். கடல் கடந்த விற்பனையாளரிடம் இச்சட்டத்தின் கை எளிதில் எட்டாது என்பதையும் நினைவில் கொள்க. உயிரைக் காக்கும் பாகங்களை முகம் தெரிந்த உள்ளூர்க் கடையில் வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியவை

1. வாங்குமுன் எழுத்தில் கேளுங்கள்: யார் செய்தது? எந்த நாட்டில்? எந்த ஆண்டு வண்டிக்கு? மின்பாகமாயின் 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பொருந்தாவிட்டால் திருப்பிக்கொள்வீர்களா? மழுப்பலான பதில் வந்தால் விலகிவிடுங்கள்.

2. பொது அளவில் கிடைப்பவற்றைப் 'பழைய வண்டிப் பாகம்' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்காதீர்கள். எடுத்துக்காட்டாக, 6301 என்ற எண்ணுள்ள பேரிங் எங்கு வாங்கினாலும் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர்தான். பழைய பேரிங்கின் எண்ணைப் பார்த்து, நல்ல நிறுவனத்தின் பேரிங்கை நேரடியாகக் கேளுங்கள்.

3. பூட்டுமுன் அளந்து பாருங்கள், படமெடுங்கள், பற்றுச்சீட்டையும் பெட்டியையும் வைத்திருங்கள்.

4. குறை கண்டால் அரத்தை எடுக்குமுன் எழுதுகோலை எடுங்கள்.

5. நேர்மையாக நடந்துகொண்ட விற்பனையாளரை நாலு பேரிடம் சொல்லுங்கள். குறை சொல்வதில் காட்டும் ஊக்கத்தை இதிலும் காட்டினால் நல்ல வணிகர் நிலைப்பார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் மாணவர்களுக்குப் புகார்க் கடிதம் எழுதப் பயிற்சி தருகிறோம். கால்வாய் அடைப்பு, குப்பை அள்ளாமை என்று ஆண்டுதோறும் அதே தலைப்புகள்தாம். ஒருமுறை, 'விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பிரேக் ஷூ' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். என்ன வாங்கினோம், என்று வாங்கினோம், என்ன சொல்லி விற்றார்கள், என்ன வந்தது, அளவு என்ன, நாம் கேட்பது என்ன என்று மாணவன் வரிசையாக எழுத வேண்டியிருக்கும். வசைச்சொல் ஒன்றுகூட அதில் தேவைப்படாது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்து இறுதிக் குறள் வணிகருக்கென்றே அமைந்தது. அதையும் அப்பாடத்தோடு இணைத்து நடத்தலாம்.

இன்று அப்பாடத்தைப் படிக்கும் பிள்ளைகளுள் ஒருவர் நாளை பட்டறை வைப்பார். மற்றொருவர் உதிரிப்பாகக் கடை வைப்பார். படியைப் படி என்று சொல்லி விற்கும் துணிவு அவர்களுக்கு வாய்க்க வேண்டும். அதற்கான சொல்லொழுக்கத்தை வகுப்பறையிலேயே பழக்குவோம்.