வேர்ச் சிகிச்சையோடு வேலை முடிவதில்லை



பிள்ளைக்குப் பல் நொந்தால் உடனே கிளினிக்குக்கு ஓடுகிறோம். நமக்கென்றால், "இப்ப நோவில்லைத்தானே, பிறகு பார்ப்போம்" என்கிறோம். வேர்ச் சிகிச்சை செய்த பற்கள் பல, இந்தப் 'பிறகு'க்குள்தான் உடைந்துபோகின்றன.

வேர்ச் சிகிச்சையில் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு அகற்றப்பட்டு, அந்தக் கால்வாய் அடைக்கப்படுகிறது. நரம்பு எடுத்த பல் காய்ந்து நொறுங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பலவீனமாவதற்கு முக்கிய காரணம் வேறு: சூத்தை அரித்ததும் சிகிச்சைக்காகத் துளைத்ததும் போக, மிஞ்சும் பல் குறைவு.

மேற்பகுதி பெரும்பாலும் அழிந்திருந்தால், வேருக்குள் ஒரு சிறு தண்டை ஒட்டி, அதன்மேல் பல்லைக் கட்டியெழுப்பி, உறை போடுவார்கள். அந்தத் தண்டுதான் 'போஸ்ட்'. கட்டியெழுப்பும் பகுதி 'கோர்'. போஸ்ட் பல்லைப் பலப்படுத்துவதில்லை. கோரைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேலை. கடைவாய்ப் பற்களில் உள்ளறையே போதிய பிடிமானம் தருவதால், பெரும்பாலும் போஸ்ட் தேவைப்படாது.

எந்தப் பொருள் நீடிக்கும்? உருக்குப் போஸ்ட் பல்லைவிட ஏறத்தாழ 10 மடங்கு விறைப்பானது. கடிக்கும்போது அது வளையாது. விசை வேரைத் தாக்கும். வேர் நெடுக்காகப் பிளந்தால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். 1990களில் பாவனைக்கு வந்த நார்ப் போஸ்டுகளின் விறைப்பு பல்லுக்குக் கிட்டியது. அவை பழுதானால் அநேகமாக ஒட்டு விட்டுக் கழன்று வரும், மீண்டும் ஒட்டலாம். ஆனால் ஒட்டும்போது எச்சில் பட்டால் சரியாகப் பிடிக்காது. வார்ப்பு உலோகப் போஸ்டும் நல்ல பல்லில் நெடுங்காலம் நிற்கிறது.

பொருளைவிட முக்கியமானது, மிஞ்சியிருக்கும் பல். முரசுக்கு மேலே சுற்றிவர 2 மில்லிமீற்றர் அளவுக்கு நல்ல பல் இருந்து, உறை அதை இறுகப் பிடித்தால் ஆயுள் கூடும்.

ஆகவே சிகிச்சை தொடங்குமுன்பே பல்வைத்தியரிடம் கேளுங்கள்: உறை போடும் அளவுக்குப் பல் மிஞ்சுமா? போஸ்ட் அவசியமா? எதனால் ஆனது? உறையோடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? விபரம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருந்தால், அதன் இடுக்கால் கிருமி புகுந்து முழுச் சிகிச்சையுமே வீணாகலாம். வீட்டுச் செலவுப் பட்டியலில் உங்கள் பல்லுறைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.