ஈச்சமரமும் வட்டமாய்ப் போட்ட நாற்காலிகளும்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு மைசூரு அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒன்றாக எரியும்போது, கூடியிருக்கும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். குடியை விட்டுப் பதினைந்து நாளே ஆன ஒருவருக்கு அந்த வேளைதான் கண்டம். பொழுது சாய்ந்துவிட்டது, கை சும்மா இருக்கிறது, கால் தானாகப் பழகிய தெருவுக்குத் திரும்புகிறது. அந்த ஒரு மணி நேரத்தை யாரோடு உட்கார்ந்து கழிப்பது? கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் இந்த நிலம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் கதவு தெரியாமல்.

மைசூரு மேட்டுநிலத்தில் கள்ளுக்குப் பேர்போனது ஈச்சமரம். 1782 முதல் 1799 வரை ஆண்ட திப்பு சுல்தான், கஜானாவுக்கு நட்டம் என்று தெரிந்தே மதுவை விலக்கினார். அவர் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; ஈச்சந்தோப்புகள் மறுபடி குத்தகைக்குப் போயின. விடுதலைக்குப் பிறகு மைசூர் மாநிலத்தில் மதுவிலக்கு வந்தது, 1967இல் போனது. 2007 ஜூலை 1 அன்று கர்நாடகம் பாக்கெட் சாராயத்தைத் தடை செய்தது. குடித்தவர்கள் பாட்டிலுக்கு மாறிக்கொண்டார்கள். இன்று மாநில அரசின் நிறுவனமொன்றே, மைசூர் என்ற பெயரைத் தாங்கி, மதுக்கடை நடத்துகிறது. நம்மில் பலருக்குப் பூர்விகமான தமிழ்நாட்டின் கதையும் வேறல்ல. 1937இல் சேலத்தில் ராஜாஜி அடைத்த மதுக்கடைக் கதவு 1971இல் திறந்தது, 1974இல் மூடியது, பிறகும் திறந்தது. 2003இல் சில்லறை விற்பனைக்கு அரசே கல்லாவில் உட்கார்ந்தது. அரசுகள் ஒருநாளும் தள்ளாடியதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அரசாணைகள் வந்து போன இந்தக் காலமெல்லாம் வீடுகள் தங்கள் வழியில் போராடின. கோயிலில் கயிறு கட்டினார்கள், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள், சபரிமலைக்கு மாலை போடவைத்தார்கள். நாற்பத்தெட்டு நாள் சாமி சாமிதான். மாலையைக் கழற்றிய இரவே பழைய ஆள். இதைப் பக்தியின் தோல்வி என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த நாற்பத்தெட்டு நாளும் அவர் தனியாக இல்லை. உடன் குளித்து, உடன் உண்டு, உடன் நடந்த ஒரு கூட்டம் அவரைத் தாங்கியது. நாற்பத்தொன்பதாம் நாள் கலைந்துபோனது அந்தக் கூட்டம்தான்.

கலையாத கூட்டத்தைக் கட்டுவது எப்படி என்பதை மற்றவர்களும் அடிபட்டே கற்றார்கள். 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் குடிகாரர்கள் ஆறு பேர் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய வாஷிங்டனியர் சங்கம் சில ஆண்டுகளில் பெருவெள்ளமாகி, மதுவிலக்கு அரசியலில் சிக்கிச் சிதறியது. 1935இல் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ., எந்த விவாதத்திலும் கட்சி சேர்வதில்லை என்பதை மரபாகவே ஆக்கிக்கொண்டது. 1957இல் அது மும்பையில் வேர்விட்டது. கர்நாடகத்தில் அதனோடு வேறொரு மரபும் உண்டு. தர்மஸ்தலத்தின் ஊரக வளர்ச்சித் திட்டம் ஊர் ஊராக மதுவிடுப்பு முகாம் நடத்துகிறது. முகாம் முடித்தவர்களைத் தனியே விடாமல் ‘நவஜீவன சமிதி’ என்ற குழுக்களாக்குகிறது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய மையமும், சிகிச்சை முடிந்தபின் வரும் தனிமையைக் கணக்கில் எடுத்தே வளர்ந்தது.

இவற்றில் எது தனக்கானது என்று மைசூருக்காரர் ஒருவர் தேடும்போது முதலில் போகவேண்டிய இடம் மருத்துவரிடம். நாள்தோறும் மிதமிஞ்சிக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் கைநடுக்கத்தோடு நிற்காது. வலிப்பும் மனக்குழப்பமும் உயிரைக் கொண்டுபோகலாம். கே.ஆர். மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேட்டால், அந்தக் கண்டம் கடந்தபின் எந்தக் குழுவுக்குப் போகலாம் என்றும் சொல்வார்கள். அடுத்தது மொழி. பேரம் பேசக் கன்னடம் போதும். மனைவியின் தாலியை அடகு வைத்ததைச் சொல்ல அம்மாவின் மொழி வேண்டியிருக்கும். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகும் தூரமா, வேலை முடியும் நேரத்துக்கு ஒத்துவருமா, பெண்ணென்றால் அங்கே கூச்சமின்றி உட்கார முடியுமா என்பதெல்லாம் கொள்கையைவிடப் பெரிய விஷயங்கள். கடவுள் பேச்சு உறுத்தினால் வேறு கூட்டம் பார்க்கலாம். முதல் நாள் பிடிக்காததாலேயே விட்டுவிடாமல் நாலைந்து முறை போய்ப் பார்ப்பது நல்லது. குடிப்பவர் வர மறுத்தாலும், 1951இல் குடும்பத்தினருக்கென்றே தொடங்கிய அல்-அனான் வழியில் வீட்டார் போகலாம்.

உள்ளே என்னதான் நடக்கிறது? வட்டமாய்ப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் ஒரு டீ பிளாஸ்க். ஒருவர் தன் பெயரை மட்டும் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்கிறார். யாரும் அறிவுரை சொல்வதில்லை, குறுக்கே பேசுவதில்லை. கட்டணம் கிடையாது, ஒரு பை கைமாறி வரும், முடிந்தவர் போடலாம். மூன்று ஆண்டு குடிக்காமல் இருந்து போன வாரம் சறுக்கியவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை. டீ டம்ளரை மட்டும் அவர் கைக்கெட்டும் இடத்துக்கு நகர்த்தி வைக்கிறார்.